இரண்டாவது பிரதி யாருடையது?

நம் இலக்கியச் சூழலில் ஒரு புதிய பெருமை புறப்பட்டிருக்கிறது. ‘என்னிடம் எழுத்து முதல் இதழ் இருக்கிறது’ என்று சொன்ன காலம் போய், ‘என்னிடம் எழுத்து முதல் இதழில் மூன்று பிரதிகள் இருக்கின்றன’ என்று சொல்லிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. முதல் வாக்கியத்தில் ஒரு வாசகரின் மகிழ்ச்சி தெரிகிறது. இரண்டாவதில் தெரிவது வேறொன்று. அது என்ன என்பதைச் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. சேகரிப்பாள நண்பர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். கோபத்தோடு ஒரு பதிலையும் சேர்த்து எழுதினால் மகிழ்வேன்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சேகரிப்பில் உள்ள முதல் பிரதி சேகரித்தவருக்கு உரியது. அதைத் தேடி அலைந்தவர் அவர். பணம் கொடுத்தவர் அவர். கரையானிடமிருந்து காப்பாற்றியவரும் அவரே. இரண்டாவது பிரதி வந்து சேரும் கணத்தில் இந்த நியாயங்கள் எல்லாம் தளர்ந்துவிடுகின்றன. அதற்குப்பின் அந்தப் பிரதி போய்ச்சேர வேண்டிய இடம் வேறு எங்கோ இருக்கிறது. அதை அனுப்பாமல் வைத்திருப்பது சேகரிப்பு ஆகாது, பதுக்கல்.

இது நமக்குத் தெரியாத நெறி அல்ல. தீப்பெட்டிப் படமும் தபால்தலையும், பபிள்கம் உறைக்குள் வந்த கிரிக்கெட் வீரர் படமும் சேர்த்த எந்தச் சிறுவனுக்கும் இது தெரியும். அவனிடம் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, படங்களை ஒட்டி வைத்த நோட்டு. மற்றது, ‘டபுள்’களைப் போட்டு வைத்த டப்பா. நோட்டு வீட்டில் இருக்கும். டப்பாதான் பள்ளிக்கூடத்துக்குப் போகும். இரண்டு கவாஸ்கர் வைத்திருப்பவன் ஒன்றைக் கொடுத்து ஒரு கபில்தேவ் வாங்குவான். டபுள் இல்லாதவனுக்கு அந்த மரத்தடிச் சந்தையில் இடமில்லை. டபுளைக் கொடுக்காதவனுக்கோ நண்பர்களே இல்லை. சேகரிப்பு என்னும் தனிமையான காரியத்தை ஊரோடு இணைத்தது அந்த இரட்டைப் படம்தான். பத்து வயதில் நமக்கு இருந்த இந்த நாகரிகம், அம்பது வயதில் முதற்பதிப்புகளைக் கையில் எடுக்கும்போது எங்கே போய்விடுகிறது?

அமெரிக்காவில் பேஸ்பால் அட்டைகளுக்கு நேர்ந்த கதை இங்கே பொருத்தமானது. டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட அட்டைத் தொகுதியில் மிக்கி மேன்டில் என்னும் வீரரின் படம் உண்டு. அதன் ஒரு பிரதி 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. அது ஏன் அவ்வளவு அரிதாயிற்று என்பதற்கு அத்தொகுதியை உருவாக்கிய சை பெர்கர் சொன்ன விளக்கம் பிரசித்தமானது. விற்காமல் கிடங்கில் தேங்கிய பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டாராம். ஆக, பிழைத்த ஒன்றின் விலை, மூழ்கிய மற்றவற்றால் வந்தது. இந்தக் கதையிலிருந்து அடுத்த தலைமுறைச் சேகரிப்பாளர்கள் தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமல், பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பரணில் போட்டார்கள். எல்லோரும் அதையே செய்தார்கள். நிறுவனங்களும் சளைக்காமல் அச்சடித்தன. இன்று அக்காலத்து அட்டைகளில் பெரும்பாலானவை அச்சிட்ட காகிதத்தின் விலைகூடப் பெறுவதில்லை.

தமிழ்ச் சிற்றிதழ்களின் நிலை இதற்கு நேர் எதிரானது என்று வாதிடலாம். உண்மைதான், நம்மிடம் அளவுக்கு மீறி அச்சடித்த எவரும் இல்லை. சில நூறு பிரதிகளுக்கே மூச்சுத் திணறிய வரலாறு நம்முடையது. அதனால்தான் இங்கே பதுக்கலின் தீமை கூடுதலாகிறது. லட்சக்கணக்கில் அச்சான அட்டையில் பத்தை ஒருவர் பூட்டி வைத்தால் எவருக்கும் நட்டமில்லை. சில நூறு அச்சாகி, அதில் பெரும்பகுதி பழைய காகிதக் கடைக்குப் போய், எஞ்சியிருப்பது விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருக்கும்போது, ஒருவர் மூன்றை வைத்திருப்பது என்ன நியாயம்?

*

இதை ஆரோவில்லில் இருந்து எழுதுகிறேன். இங்கிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் மரக்காணத்து உப்பளங்கள். காகிதத்துக்கு இதைவிடப் பொருந்தாத இடம் குறைவு. காற்றில் எப்போதும் உப்பும் ஈரமும் உண்டு. புத்தகத்தைத் தைத்த கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்கிறது. வெள்ளிப்பூச்சியும் கரையானும் தம் பங்குக்கு வருகின்றன. இவற்றைத் தாண்டிப் பிழைத்ததைப் புயல் பார்த்துக்கொள்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படி ஓர் இரவில் தரைத்தளத்து அறை ஒன்றில் தண்ணீர் ஏறினால், அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ள முதல் பிரதி நனையும், அதன் பக்கத்திலேயே இருக்கும் இரண்டாவது பிரதியும் நனையும், மூன்றாவதும் நனையும்.

சேகரிப்பாளர்கள் செவிகொடுத்துக் கேட்க வேண்டிய கணக்கு இது: ஒரே வீட்டில் இருக்கும் மூன்று பிரதிகள், ஒரு பிரதிதான். மூன்று ஊர்களில் இருந்தால் மட்டுமே அவை மூன்று.

உப்பளத்துத் தொழிலாளிக்கு இது நன்றாகத் தெரியும். பாத்தியில் விளைந்த உப்பை வரப்புக்கு இழுத்து அம்பாரமாகக் குவிப்பார்கள். கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடுவார்கள். ஆனால் மூடிவைத்ததையே காப்பு என்று அவர்கள் நம்பியிருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் எவ்வளவு லாரி ஏறிற்றோ அவ்வளவுதான் உறுதியான உப்பு. சங்கப் பாடல்களில் வரும் உமணர் வண்டி கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனதும் இதே அறிவினால்தான். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அந்தப் பழம்பெயர் நம்மை வந்து அடைந்ததும், எவரோ எங்கெங்கோ படியெடுத்துப் பரப்பிய ஏடுகள் 1889இல் உ.வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்புக்குக் கிடைத்ததால்தான். ஒரே வீட்டுப் பரணில் அந்த ஏடுகள் அத்தனையும் இருந்து, அந்த வீடு எரிந்திருந்தால்?

எரியாத வீடு என்று ஒன்று இல்லை. 1981 மே 31ஆம் நாளுக்கும் ஜூன் 1ஆம் நாளுக்கும் இடைப்பட்ட இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அழிந்தவற்றுள் யாழ்ப்பாண வைபவமாலையின் சுவடியும் இருந்ததாகச் சொல்வார்கள். ஆனால் வைபவமாலையை நாம் இன்றும் படிக்கிறோம். பிரிட்டோ அதை ஆங்கிலமாக்கி 1879இலேயே வெளியிட்டுவிட்டார். தமிழ் மூலமும் அச்சேறிப் பல கைகளுக்குப் போயிருந்தது. அந்த நூலகத்தில் மட்டுமே இருந்த மற்றவற்றின் பெயர்கள்கூட நமக்கு முழுதாகத் தெரியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், எங்கோ ஓர் இரண்டாவது பிரதி.

இதை நெறியாகவே வகுத்துக்கொண்ட ஒரு சேகரிப்பாளர் கூட்டம் உலகில் உண்டு. தாவரவியலாளர்கள். அவர்கள் ஒரு செடியைக் கண்டால் ஒரு கிளையோடு நிறுத்துவதில்லை. அதே செடியிலிருந்து நாலைந்து கிளைகளை வெட்டி, ஒரே எண் கொடுத்து, தாளில் அழுத்தி உலர்த்துகிறார்கள். ஒன்றைத் தம் உலர்தாவரக் கூடத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவர்களுடைய மொழியில் ‘டூப்ளிகேட்’ என்றால் அனுப்பப்பட வேண்டியது என்றே பொருள். நம் நாட்டில் இதற்கு முன்னோடிகள் தரங்கம்பாடி மிஷனரிகள். தமிழ் - ஆங்கில அகராதி தொகுத்தவர் என்று நாம் அறியும் ராட்லர் அவர்களுள் ஒருவர். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த அவரும் அவருடைய நண்பர்களும் சேகரித்த செடிகள் கப்பலேறிப் பெர்லினில் இருந்த வில்டெனோவ் போன்ற அறிஞர்களைச் சேர்ந்தன. ராட்லரின் சொந்தச் சேகரிப்போ பிற்பாடு லண்டனுக்குப் போய்க் கியூ தாவரவியல் தோட்டத்தை அடைந்தது. 1943 மார்ச் 1 அன்று இரவு குண்டுவீச்சில் பெர்லின் உலர்தாவரக் கூடம் எரிந்தது. அங்கிருந்த சுமார் 40 லட்சம் தாவர மாதிரிகளில் பெரும்பகுதி சாம்பல். தனியே பாதுகாக்கப்பட்டதால் வில்டெனோவின் தொகுப்பு தப்பியது. எரிந்துபோனவற்றுக்கு மாற்றாக, முன்பு பெர்லினுக்கும் பிற ஊர்களுக்கும் ஒரே எண்ணில் பிரித்து அனுப்பப்பட்ட இரட்டைகளை இன்றுவரை தாவரவியலாளர்கள் உலகெங்கும் தேடிப் பயன்படுத்துகிறார்கள். கொடுத்து வைத்தவர்கள் என்று நாம் சொல்வதன் நேர்ப்பொருளை இங்கே காணலாம்.

ஆரோவில்லின் காடும் இந்த வகைதான். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டு நகரத்தைத் தொடங்கியபோது இந்த மேட்டில் காடு இல்லை. மழை அரித்த செம்மண் இருந்தது. இக்கரையின் உலர் பசுமைக் காட்டு மரங்கள் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற சில தோப்புகளில் மட்டும் எஞ்சியிருந்தன. வீரை, காசான், கருங்காலி, பாலை என அங்கிருந்தும் அவைபோன்ற இடங்களிலிருந்தும் விதை பொறுக்கி வந்து இங்கே நட்டார்கள். அவற்றுள் பலவற்றின் விதையைப் புட்டியில் அடைத்து ஆண்டுக்கணக்கில் பெருமை பேச முடியாது. சீக்கிரம் மண்ணுக்குத் தர வேண்டும். கோயில் காடு தன் விதையை விட்டுக்கொடுத்ததால் அதற்கு ஒரு குறையும் நேரவில்லை. அந்த மரங்களுக்கு வேறோர் இடத்தில் இன்னொரு இருப்பு கிடைத்தது.

*

இனி எதிர்வாதங்கள்.

முதல் வாதம் கற்றவர்களிடமிருந்து வருவது. ‘எந்த இரண்டு பிரதிகளும் ஒன்றல்ல, பாடபேதம் இருக்கும். ஆகவே எல்லாவற்றையும் நானே வைத்திருக்க வேண்டும்’ என்பது. முற்பாதியை முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். உ.வே.சா. ஒரே நூலின் ஏட்டைத் திரும்பத் திரும்பத் தேடிப்போனது எண்ணிக்கைக்காக அல்ல. ஓர் ஏட்டில் சிதைந்த சொல் இன்னோர் ஏட்டில் முழுதாக இருக்கும் என்பதற்காக. புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனம் சைவ ஆகமங்களின் படிகளை ஊர் ஊராகத் தேடியதும் அதற்காகவே. அங்கும் தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியிலுமாக உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றுள் ஒரே ஆகமத்துக்குப் பல படிகள் உண்டு. ஆனால் அந்தப் படிகள் ஒப்பிடப்பட்டன. ஒப்பிட்டுப் பதிப்புகள் வந்தன. பதிப்புகள் உலகெங்கும் போயின. உங்கள் அலமாரியில் இருக்கும் மூன்று பிரதிகளை நீங்கள் ஒப்பிட்டிருக்கிறீர்களா? எந்த இதழில் எந்தப் பக்கம் மாறி அச்சாகியிருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா? பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் பாடபேதம் பேசுவது கேலிக்குரியது.

இரண்டாம் வாதம் இளைஞர்களுடையது. ‘ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியாகிவிட்டது. இனிக் காகிதம் எங்கே இருந்தால் என்ன?’ 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளுக்குச் செய்த தொண்டை நான் வணங்குகிறேன். ஆனால் நகல் எடுத்ததும் மூலத்துக்கு வேலை முடிந்தது என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை நிக்கல்சன் பேக்கர் 2001இல் ‘டபுள் ஃபோல்டு’ என்னும் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பெருநூலகங்கள் நுண்படம் எடுத்த துணிச்சலில் பழைய செய்தித்தாள் தொகுதிகளைக் கழித்துக்கட்டின. பின்னர் பார்த்தால் படச்சுருளில் பக்கங்கள் விடுபட்டிருந்தன; எழுத்து தெளியவில்லை; மறுபடி எடுக்கலாம் என்றால் மூலம் இல்லை. கரையான் தின்ற 17ஆம் பக்கத்தை எந்தக் கணினியும் வரவழைத்துத் தராது. இன்னோர் ஊரில் உள்ள இன்னொரு பிரதிதான் தரும்.

மூன்றாம் வாதம் உணர்ச்சி சார்ந்தது. ‘யாரும் சீந்தாத காலத்தில் நான் காப்பாற்றினேன். இப்போது வந்து கேட்க உங்களுக்கு என்ன உரிமை?’ இதற்கு முன் நான் தலைகுனிகிறேன். நம் அரசும் பல்கலைக்கழகங்களும் கைவிட்டவற்றைத் தனிமனிதர்களே காத்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் தொடங்கிப் பல்லாயிரம் நூல்களைத் திரட்டினார். அவர் மறைந்தபின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைபெறச் செய்தது. புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தி - டோரதி இணையரின் ஞானாலயா முதற்பதிப்புகளுக்குப் பேர்போனது. இவர்களை நாம் கொண்டாடுவது ஏன்? அவர்கள் வைத்திருந்தார்கள் என்பதற்காக மட்டுமா? அவர்கள் திரட்டியது பிறர் படிக்கக் கிடைத்தது என்பதற்காக. காப்பாற்றியவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமை முதல் பிரதியோடு நிறைவடைகிறது.

நான்காம் வாதத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ‘இரண்டாவது பிரதியை வெளியே விட்டால் முதல் பிரதியின் விலை இறங்கிவிடும்.’ உண்மையான வாதம் இதுதான் என்பது என் சந்தேகம். ஓர் ஆய்வு மாணவர் ஒரு கட்டுரைக்காகக் குறிப்பிட்ட இதழைத் தேடி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பிரதி வைத்திருப்பவர் ‘அது எங்கும் கிடைக்காதே’ என்று முகம் மலரச் சொல்கிறார். எங்கும் கிடைக்காமல் போனதற்கு அவரே ஒரு காரணம். பெர்கர் கடலில் கொட்டினார். இவர் பீரோவில் கொட்டியிருக்கிறார். தேடி வந்தவருக்கு இரண்டும் ஒன்றே. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை எழுத்து நடத்தினார். எழுத்து பிரசுர நூல்களை மூட்டை கட்டித் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். தம் கையில் ஒரு பிரதியும் மிஞ்சக்கூடாது என்று நடையாய் நடந்தவர் அவர். அவர் அச்சிட்டதை மும்மூன்றாய்ப் பிடித்து உறையிட்டு விலை ஏறக் காத்திருப்பதை அவருக்குச் செய்யும் மரியாதை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

*

நம் நாட்டுச் சட்டமே இந்த நெறியை ஏற்றிருக்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி ஒரு பதிப்பாளர் தம் நூலைக் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை, மும்பை, தில்லி நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். ஒரே நூலகத்துக்கு நான்கு பிரதி கொடு என்று சட்டம் கேட்கவில்லை. நான்கு நகரங்களுக்கு ஒவ்வொன்று கொடு என்றது. சிற்றிதழ்களும் சிறு பதிப்பகங்களும் அந்தச் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் படாமல் போயின. அங்கே விழுந்த ஓட்டையைத் தனியார் சேகரிப்பாளர்கள்தான் அடைக்க முடியும்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். உங்களிடம் இருப்பவற்றின் பட்டியலை, எத்தனை பிரதி என்பதோடு, வெளியிடுங்கள். பட்டியல் இல்லாத சேகரிப்பு இருப்பதும் ஒன்று, எரிந்ததும் ஒன்று. இரண்டாவது பிரதியை உங்கள் ஊரில் இல்லாத ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். கடற்கரையில் இருந்தால் உள்நாட்டுக்கு, வெள்ளம் வரும் ஊரில் இருந்தால் மேட்டுநிலத்துக்கு. மூன்றாவது பிரதி இருந்தால் இருபது வயதில் உள்ள ஒரு வாசகருக்குக் கொடுங்கள். அவர் அதைத் தொலைத்துவிடக்கூடும் என்பீர்கள். தொலைக்கட்டும். தொலைந்த பிரதி எங்காவது பழைய புத்தகக் கடையில் இன்னொருவர் கையில் ஏறும். பீரோவில் இருப்பதற்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இரவல் போன புத்தகம் திரும்பாது என்ற பழைய புலம்பலை இங்கே கொண்டுவர வேண்டாம். இரவலைப் பற்றி நான் பேசவேயில்லை. இரண்டாவது பிரதி திரும்பி வரத் தேவையில்லாதது. அதுதான் அதன் சிறப்பு.

இந்தக் கரையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் அலமாரியின் கீழ்த்தட்டை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.